முழங்கால் எலும்பில் இட்ட துளை

சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் இடையே விரிந்து கிடக்கும் சேலம், நாமக்கல் சமவெளியில், தை பிறந்து வயல் வேலை ஓய்ந்ததும் கூலமேட்டிலும் அலங்காநத்தத்திலும் காளைகள் வாடிவாசலைத் தாண்டிப் பாய்வதும், மாசி, பங்குனித் திருவிழாக்களை ஒட்டி ஊருக்கு ஊர் விளக்குக் கட்டி விடியவிடியக் கபடி நடப்பதும் ஆண்டுதோறும் காணும் காட்சிகள். அந்த உற்சாகத்தின் நடுவே, பாடிப் போன வாலிபன் ஒருவன் ஊன்றிய பாதத்தைத் தரையிலிருந்து எடுக்காமலே உடம்பைத் திருப்புகிற ஒரு நொடியில், முழங்காலுக்குள் ஏதோ 'படக்'கென்று அறுந்தாற்போல் உணர்கிறான். சில மணி நேரத்துக்குள் மூட்டில் இரத்தம் கோத்து வீக்கம் காண்கிறது. வீக்கம் வடிந்து சில வாரங்கள் கழித்து அவன் எழுந்து நடக்கும்போது, நேரான சாலையில் தொல்லை ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் சட்டென்று திரும்பினாலோ, படியிறங்கினாலோ, வரப்பிலிருந்து வயலுக்குள் காலை வைத்தாலோ, முட்டி விலகி வழுக்குகிறது. இது ஆட்டக்காரர்களுக்கு மட்டும் நேர்வதன்று. இருசக்கர வண்டியிலிருந்து சாய்ந்து விழுபவர்களுக்கும், லாரியில் ஏற்றிய பாரத்தின் உச்சியிலிருந்து கீழே குதிப்பவர்களுக்கும் இதே கதிதான். 'முட்டி ஜவ்வு கிழிந்துவிட்டது' என்று நம் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் சேதி இதைப் பற்றியதே.

தொடை எலும்பின் அடிமுனையும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையும் சந்திக்கும் இடத்தின் நட்டநடுவே, ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து செல்லும் இரண்டு நாண்கள் உண்டு. அவற்றுள் முன்னதும் நம்மவர் 'ஜவ்வு' என்பதுமாகிய முன் சிலுவைப் பந்தகம், 3 செ.மீ.க்குச் சற்றே அதிகமான நீளமும் ஏறத்தாழ 1 செ.மீ. அகலமும் கொண்ட சிறிய உறுப்புத்தான் எனினும், கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவிவிடாமலும் தன் அச்சில் அளவுக்கு மீறிச் சுழன்றுவிடாமலும் காக்கின்ற பாரம் பெரும்பாலும் அதன்மேல்தான் இருக்கிறது. தோலிலோ தசையிலோ காயம் பட்டால், இரத்தம் உறைந்து கட்டியாகி, அந்தக் கட்டியையே பாலமாகக் கொண்டு புதுத் திசு இருபுறமும் வளர்ந்து சேரும். இந்தப் பந்தகமோ மூட்டுக்குள் சுரக்கும் நிணத்தில் எப்போதும் நனைந்திருப்பது. அறுந்த முனைகளின்மேல் உறைகட்டி நிலைக்க அந்த நிணம் இடங்கொடுப்பதில்லை. ஆகவே முழுவதும் அறுந்த முன் சிலுவைப் பந்தகம் தானாகக் கூடுவது அபூர்வம். தைத்து ஒட்டவைப்பதும் பெரும்பாலும் நெடுநாள் நிற்பதில்லை. வேறொரு நாணைக் கொண்டுவந்து அதன் ஸ்தானத்தில் வைப்பதே உபாயம் என்று ரண வைத்தியர்கள் கண்டது இதனால்தான்.

அந்த உபாயத்துக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1917ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் இருந்த எர்னஸ்ட் ஹே குரோவ்ஸ் என்ற வைத்தியர், தொடையின் வெளிப்புறத்திலுள்ள தசையுறையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து, தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் துளையிட்டு அவற்றின் வழியே அதைச் செலுத்தி, அறுந்த பந்தகத்துக்கு மாற்றாக நிறுத்திக் காட்டினார். மறு ஆண்டில் டோக்கியோவில் கென்ஜி தகாகி, சிறுநீர்ப்பையை நோக்கும் குழாய் ஒன்றை ஒரு சவத்தின் முழங்காலுக்குள் நுழைத்துப் பார்த்தார். அவர் வழிவந்த மசாகி வதனபே அந்தக் கருவியைப் பல்லாண்டுகள் திருத்தித் திருத்திச் செம்மைப்படுத்திய பிறகு, மூட்டை அகலப் பிளக்காமல் சிறு துவாரங்களின் வழியாகவே வேலை செய்யும் காலம் பிறந்தது. கருவிகள் மாறின, தையல் மாறிற்று, நாணை எடுக்கும் இடமும் மாறிற்று. எலும்பைத் துளைத்து, அந்தத் துளைக்குள் நாணைச் செலுத்தி நிறுத்துவது என்ற மூலக் கருத்து மட்டும் 1917இல் இருந்தபடியே இருக்கிறது.

இன்று நம் நாட்டில் பெரும்பாலும் செய்யப்படுவது, தொடையின் பின்புறத்து உட்பக்கத் தசைகளின் நாண்கள் இரண்டை எடுத்து, அவற்றை மடித்து நான்கு இழையாக்கி, 7 முதல் 9 மி.மீ. வரை குறுக்களவு உள்ள ஒரு கயிறாகத் திரட்டுவது. அதே குறுக்களவில் கீழ்க்கால் எலும்பில் ஒரு சுரங்கமும் தொடை எலும்பில் ஒரு சுரங்கமும் துளைக்கப்படுகின்றன. நாண் மேற்புறத்தில் டைட்டானியத்தாலான ஒரு சிறு பொத்தானில் தொங்கும். கீழ்ப்புறத்தில் ஒரு திருகாணியால் இறுக்கப்படும். முழங்கால் சிப்பிக்குக் கீழேயுள்ள நாணின் நடுப்பட்டையை, இரு முனைகளிலும் எலும்புத் துண்டோடு சேர்த்து எடுத்துப் பொருத்தும் முறையும் உண்டு. அதில் எலும்போடு எலும்பு சேர்வதால் பிடிப்பு விரைவில் கிட்டும் என்பது உண்மை. ஆனால் மண்டியிடும்போது முட்டியின் முன்பக்கத்தில் வலி தங்கிவிடுவது அந்த முறையில் அதிகம். தரையில் அமர்ந்து உண்பதும், குந்தி வேலை செய்வதும், சன்னிதியில் மண்டியிட்டு விழுந்து வணங்குவதும் அன்றாட வாழ்க்கையாக உள்ள நம்மவர்களுக்குப் பின்தொடை நாணே உகந்தது என்று பலர் தீர்மானிப்பதில் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

இனி நாம் எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு வருவோம். 8 மி.மீ. அளவில் துளைத்து, 8 மி.மீ. நாணைப் பொருத்தி, எல்லாம் கச்சிதமாக முடிந்த ஒருவருக்குச் சில மாதங்கள் கழித்துப் படம் எடுத்துப் பார்த்தால், அந்தச் சுரங்கம் 8 மி.மீ. ஆகவே இருப்பதில்லை, 10 ஆகவும், சிலரிடம் அதற்கு மேலாகவும் அகன்றிருக்கிறது. குறுக்களவில் 2 மி.மீ. என்றால் சொற்பமாகத் தோன்றும். ஆனால் துளையின் வாய்ப்பரப்பைக் கணக்கிட்டால், 8 பத்தாகும்போது பரப்பு ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடுகிறது. நாணின் பருமனைவிட அது நிற்கும் துளை பெரிதாகிவிட்டது என்பது இதன் பொருள்.

ஏன் அகல்கிறது என்பதை விளக்க, திருச்செங்கோட்டு வட்டாரத்து அன்பர்களுக்கு வேறு எங்கும் உதாரணம் தேட வேண்டியதில்லை. அவ்வூர் ரிக் வண்டிகள் பாரத தேசம் முழுவதும் சென்று ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. துளையிட்டபின், மேல்மண் உதிர்ந்து விழாதபடி பாறை தட்டும் வரையில் கேசிங் குழாய் இறக்குவார்கள். அப்புறம் மோட்டாரைக் குழாயில் கோத்து ஆழத்தில் தொங்கவிடுவார்கள். மோட்டாரை முடுக்கும்போதும் நிறுத்தும்போதும், தொங்குகிற குழாய் மேலும் கீழுமாக உதறும், பக்கவாட்டிலும் ஆடும். கேசிங் இல்லாத இளகிய மண் எங்கேனும் இருந்தால், அந்த ஆட்டத்தில் பக்கச் சுவர் கரைந்து, துளை அந்த இடத்தில் அகன்றுபோகும். முழங்காலுக்குள்ளும் நிகழ்வது ஏறக்குறைய இதுவே. நாண் தொங்கும் பொத்தான் எலும்பின் வெளிப்புறத்தில் இருக்கிறது. நாண் வேலை செய்யும் இடமோ மூட்டுக்குள் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவேயுள்ள நீளத்தில், ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் நாண் சுரங்கத்தினுள் நெடுக்கில் இழுபட்டு மீள்கிறது. மடக்கி நீட்டும்போது வாய்ப்புறத்தில் குறுக்காகவும் உரசுகிறது. மூட்டை ஒட்டியுள்ள எலும்பு கடற்பஞ்சு போன்ற கண்ணறைகள் நிரம்பியது; ஆகவே அகலிப்பு அந்த வாயருகில்தான் பெரும்பாலும் மிகுந்து காண்கிறது. தொடை எலும்பின் துளையை இருக்க வேண்டிய இடத்துக்கு முன்னால் தள்ளிப் போட்டுவிட்டால், மடக்கும்போதெல்லாம் நாண் அளவுக்கு மீறி இழுபட்டு, இந்தச் சலனமும் அதிகமாகும்.

ஆயினும் ஓர் இடத்தில் உதாரணம் நின்றுவிடுகிறது. பூமியின் துளைச் சுவர் உயிரற்றது. எலும்பின் துளைச் சுவர் உயிருள்ளது. எலும்பில் பழையதைக் கரைக்கும் உயிரணுக்களும் புதியதைக் கட்டும் உயிரணுக்களும் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கின்றன. காயமும் அதிர்வும் இரசாயனமும் அவற்றின் சமநிலையைக் குலைக்கும். துளைப்பானின் உராய்வில் எழும் சூடு ஒரு காரணம்: எலும்பின் உயிரணுக்கள் 47 டிகிரி சென்டிகிரேடில் ஒரு நிமிடம் இருந்தாலே ஊறுபடும் என்று 1983இல் சுவீடனில் நடந்த ஆராய்ச்சி காட்டியது, துளைக்கும்போது உப்புநீர் விட்டுக் குளிர்விப்பதன் அவசியம் இதனால் விளங்கும். மற்றொரு காரணம் மூட்டு நிணம்: அறுவைக்குப் பின் அழற்சியைத் தூண்டும் இரசாயனங்கள் நிறைந்த அந்த நிணம், நாணுக்கும் சுவருக்கும் இடையேயுள்ள நூலளவு சந்தில் புகுந்து, எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களை எழுப்பிவிடுகிறது. நாண் ஆடினால் சந்து பெரிதாகிறது; சந்து பெரிதானால் நிணம் அதிகம் புகுகிறது; நிணம் புகுந்தால் சுவர் மேலும் கரைகிறது. யந்திர காரணமும் இரசாயன காரணமும் இவ்வாறு ஒன்றுக்கொன்று துணை நிற்கின்றன என்பதே இன்றைய வைத்தியர்களின் பொதுவான அபிப்பிராயம். உடம்புக்குள்ளேயே கரைந்துபோகும்படி செய்த சிலவகைத் திருகாணிகளைச் சூழ்ந்தும் எலும்பு தேய்வது சிலரிடம் காணப்பட்டிருக்கிறது.

இதற்கு எதிராக உடம்பு செய்யும் வேலையும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான் சொன்னதாகும். சுரங்கத்தில் வைத்த நாண் முதலில் பொத்தானும் திருகாணியும் தரும் பலத்தால் மட்டுமே நிற்கிறது. பிறகு நாணுக்கும் எலும்புக்கும் நடுவே இரத்தக்குழாய்கள் நிரம்பிய மென்திசு ஒன்று வளர்ந்து, அதனூடே நுண்ணிய நார்கள் எலும்பிலிருந்து நாணுக்குள் வேரோடுகின்றன. அமெரிக்காவில் ஸ்காட் ரோடியோவும் அவரைச் சேர்ந்தோரும் நாய்களிடம் செய்து 1993இல் வெளியிட்ட பரீட்சை இதைத் தெளிவாக்கிற்று: முதல் எட்டு வாரங்கள் வரை இழுத்துப் பார்த்தபோது நாண் சுரங்கத்திலிருந்தே உருவிக்கொண்டு வந்தது, பன்னிரண்டு வாரம் ஆனபின் சுரங்கத்துப் பிடிப்பு விட்டுக்கொடுக்கவில்லை. மனிதரிடம் காலக்கணக்கு சற்று முன்பின்னாக இருக்கலாமே ஒழிய, கிரமம் இதுவே. அகலிப்பும் பெரும்பாலும் முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் நடந்து முடிகிறது. ஓராண்டுக்குப் பிறகு அது நிலைத்துவிடுகிறது, சிலரிடம் குறையவும் செய்கிறது. வேர்பிடித்தலும் கரைதலும் ஒரே காலத்தில், ஒரே சுவரில் நடக்கின்ற போட்டி இது. நோயாளி எச்சரிக்கையாக இருக்க வேண்டிய காலம் எது என்பதும் இதிலிருந்து தானே புலனாகும்.

இந்தச் சுரங்கத்தை அளக்கச் சாதாரண எக்ஸ்ரே ஓரளவுதான் உதவும். நிழலும் நிழலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால் விளிம்பு துலங்காது. சுரங்கத்தின் அச்சுக்குச் செங்குத்தாக வெட்டிப் பார்ப்பதுபோல அளக்கத் தருவது சி.டி. ஸ்கேன். இவ்விடத்தில் தமிழ்நாட்டோடு நெருங்கிய ஒரு பெரியவரை நினைக்காமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. எர்ணாகுளத்தில் 1922இல் பிறந்து சென்னைச் சர்வகலாசாலையில் பௌதிகப் பேராசிரியராக விளங்கிய ஜி.என். இராமச்சந்திரன், தம் சக ஆராய்ச்சியாளர் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, 1954இலும் 1955இலும் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரைகளில், கொலாஜன் என்ற புரதம் மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிச் சுற்றிய உருவமுடையது என்று நிறுவினார். பந்தகமும், அதற்குப் பதிலாக வைக்கும் நாணும், அந்த நாணை எலும்போடு பிணைக்கும் நுண்ணார்களும் எல்லாம் அந்தக் கொலாஜனால் ஆனவையே. அவரே பிற்காலத்தில் பெங்களூரிலிருந்து, லட்சுமிநாராயணன் என்பவருடன் சேர்ந்து, எக்ஸ்ரே நிழல்களிலிருந்து பொருளின் உள்வடிவத்தைக் கணக்கிட்டு மீட்டெடுக்கும் ஒரு புதிய கணித முறையை 1971இல் வெளியிட்டார், சி.டி. ஸ்கேன் கருவிகளின் கணக்கீட்டில் அவ்விருவர் பெயரால் வழங்கும் வடிகட்டி இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகிறது. சேலத்தில் ஒரு வாலிபனின் முழங்கால் சுரங்கத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கும்போது, அளக்கப்படும் பொருளைப் பற்றிய அறிவிலும், அளக்கும் வழியிலும், சென்னையில் உழைத்த அதே மனிதரின் கை இருக்கிறது. இதைப் பள்ளிக்கூடங்களில் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அகன்றுவிட்டது என்று ஸ்கேன் அறிக்கையில் ஒரு வரி கண்டதும் மனம் கலங்கிப்போகிறவர்கள் அநேகர். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது இது: சுரங்கம் அகன்ற பெரும்பாலோருக்கு முழங்கால் உறுதியாகவே இருக்கிறது, வலியோ வழுக்கலோ அதனால் அதிகரிப்பதாக ஆராய்ச்சிகள் பொதுவில் காட்டவில்லை. படத்தில் தெரிவது வேறு, காலில் தெரிவது வேறு. மூட்டு விலகுகிறதா, வீக்கம் திரும்பத் திரும்ப வருகிறதா என்பதையே வைத்தியர் கவனிப்பார். நோயாளியும் அதையே கவனிக்க வேண்டும்.

அகலிப்பின் உண்மையான விலை, வைத்த நாண் மறுபடியும் அறுந்து இரண்டாவது அறுவை தேவைப்படும்போதுதான் தெரிகிறது. அப்போது, துளை 14, 15 மி.மீ. வரை அகன்றிருந்தால், புது நாணைப் பிடிக்கப் போதிய சுவர் இராது. அல்லது பழைய துளையும் புதுத் துளையும் ஒன்றாகக் கலந்துவிடும். அந்நிலையில் பெரும்பாலான வைத்தியர்கள் சிகிச்சையை இரண்டாகப் பிரிப்பார்கள்: முதலில் இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்தோ வேறு வழியிலோ எலும்புத் துணுக்குகளை எடுத்துப் பழைய சுரங்கத்தை அடைப்பது, பல மாதங்கள் காத்திருந்து, அடைத்த எலும்பு இறுகியதை ஸ்கேனில் உறுதி செய்துகொண்டபின், புதிதாகத் துளைத்து நாண் வைப்பது. இரண்டு முறை மயக்கம், இரண்டு முறை படுக்கை, ஏறத்தாழ ஓராண்டு கூலியிழப்பு. ரிக் வண்டியில் போகும் தொழிலாளிக்கும், தறிக்குழியில் கால் மிதிக்கும் நெசவாளிக்கும், கிளட்சை நாள் முழுதும் மிதிக்கும் லாரி ஓட்டுநருக்கும் இது சாமானியமான இழப்பா?

ஆகையால் முதல் அறுவைக்குப் பிந்திய மாதங்களைப் பற்றியே அக்கறை முழுவதும் இருக்க வேண்டும். முட்டியை அசைக்காமல் வைத்திருந்தால் மூட்டு இறுகிவிடும். ஆகவே நீட்டல், மடக்கல் பயிற்சியை இயன்முறைச் சிகிச்சையாளர் சொல்லும் அளவில் நாள் தவறாமல் செய்யத்தான் வேண்டும். ஆனால் அவர் சொன்ன அளவுக்கு மீறி, மூன்றாம் மாதமே வண்டியை உதைத்துக் கிளப்புவதும், மூட்டை தூக்குவதும், 'நன்றாய்த்தானே இருக்கிறது' என்று மைதானத்தில் இறங்குவதும், வேர்பிடிக்காத நாணைச் சுரங்கத்துக்குள் ஆட்டிவிடுகிற காரியங்கள். வலி இல்லாமற்போவது பிடிப்பு உண்டாகிவிட்டதற்கு அடையாளமன்று. வைத்த நாண் தன் பழைய உயிரணுக்களை இழந்து, புது இரத்தக்குழாய் பெற்று, பந்தகமாகத் தன்மை மாறுவதற்கு ஓராண்டும் அதற்கு மேலும் செல்லும். மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட்டுக்கு 2023 ஆகஸ்டில் மும்பையில் இந்தப் பந்தகத்துக்கான அறுவை நடந்தது. மறு ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் அவர் இறங்கி, வென்று, இறுதிச் சுற்றுக்கு முன்னேறினார். பயிற்சியாளரும் சிகிச்சையாளரும் இரவும் பகலும் கூட இருந்த ஒரு தேக சாதகிக்கே போட்டிக்கு மீளப் பல மாதங்கள் ஆயின என்பதை நம் கிராமத்து வாலிபர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எலும்பு முறிவுக்கும் சுளுக்குக்கும் கட்டு வைத்தியரிடம் போய் எண்ணெய் போட்டு உருவிக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். பரம்பரையாக அதில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களை இகழ்வது என் நோக்கமல்ல. ஆனால் நாண் பொருத்திய முழங்காலை முதல் மாதங்களில் உருவி இழுப்பதும், சடக்கென்று மடக்கிவிடுவதும் பெருந்தீங்கு. அன்பினால் வீட்டார் செய்தாலும் அது தீங்குதான். புகைபிடிப்பதும் அவ்வாறே, நாண் எலும்பில் வேரூன்றுவதை அது தடுக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அறுவை முடிந்து வீடு திரும்பும் நாளில், எந்த நாண் எடுக்கப்பட்டது, அதன் குறுக்களவு என்ன, சுரங்கங்கள் எத்தனை மி.மீ. அளவில் துளைக்கப்பட்டன, எவ்வகைப் பொத்தானும் திருகாணியும் வைக்கப்பட்டன என்ற விவரங்களை எழுதித் தரும்படி வைத்தியரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை, அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பத்தாண்டு கழித்து வேறோர் ஊரில் வேறொரு வைத்தியர் அதே முழங்காலைத் திறக்க நேர்ந்தால், அவருக்கு முதலில் வேண்டியது அந்தக் காகிதம். அதை வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வைத்துக் காப்பாற்றுங்கள்.